குடியை நிறுத்தியவருக்கு மருந்து எங்கே? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

குடிநோயிலிருந்து மீண்ட ஒருவரின் தங்கை நான்.

"மனசு வச்சா விட்டுடலாம்" என்று ஊரே சொல்கிறது. அண்ணன் மனசு வைத்தார். மறுநாள் காலை டீ டம்ளரை இரு கையால் பிடித்தும் பாதி வேட்டியில் சிந்தியது. இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். பயந்துபோன அம்மாவே கடைசியில் குவார்ட்டர் வாங்கிவரச் சொன்னார். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த நாட்களில் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த நாட்களைக் கடத்த, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசெபாம், லோரசெபாம் போன்ற மருந்தும், தயமின் என்ற வைட்டமின் ஊசியும், கவனிக்க ஒரு நர்ஸும் வேண்டும். இதைத் தாலுகா மருத்துவமனையிலேயே செய்ய முடியும்.

வழி தெரியாத குடும்பங்கள் வேறெதையெல்லாமோ நம்புகின்றன. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிறார்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். பாவம், காப்பாற்றத்தான் கலக்கிறார்கள்.

குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவை இவை. கூடவே ஆலோசனையும் தொடர வேண்டும். அண்ணனுக்கு முதல் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் அதன்பிறகு ஒரு போன்கூடச் செய்யவில்லை. தீபாவளிக்கு மறுபடி குடித்தார். திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம். "இவர் திருந்தமாட்டார்" என்றார்கள். சர்க்கரை ஏறிவிட்டது என்று வருபவரிடம் எந்த டாக்டராவது அப்படிச் சொல்வாரா? பிறகு வேறொரு மருத்துவர், திட்டாமல், மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துத்தான் அவரை மீட்டார்.

2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் திறந்தீர்கள். மனமார்ந்த நன்றி. ஆனால் அதே ஆண்டு டாஸ்மாக் கடைகள் 4,000-க்கும் மேல். குடிக்க நடந்தே போகலாம், குடியை விடப் பஸ் மாறிப் போகவேண்டும். அன்றாடக் கூலிக்காரர் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு அலைவார்?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் குடிநோய் மாத்திரையும் வரட்டும். மருத்துவர் ஈரலைப் பரிசோதித்துத் தொடங்கிவைத்தபின், மாதாமாதம் வீட்டுக்கு வரும் அந்தப் பெண் ஊழியரே கொடுத்துவிட்டு, "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்கலாம். தாலுகா மருத்துவமனைகளில் நாலு படுக்கை ஒதுக்குங்கள். இரவிலும் சேர்த்துக்கொள்ள உத்தரவிடுங்கள். வலிப்பு பெரும்பாலும் ஓ.பி. நேரம் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு டாஸ்மாக் கடை வாசலிலும், குடியை நிறுத்த நினைப்பவர் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை