மலைமேல் லேத்தும் ஒரு விரல்நீளத் துண்டும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு சொல்ல மாட்டேன். இங்கே சேலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அம்மா முட்டிவலியோடு திண்ணையை விட்டு நகர மாட்டேன் என்கிறார், நாலு ரோடு பக்கம் நாம் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆடப்போன ஸ்நூக்கர் கூடம் செருப்புக்கடை ஆகிவிட்டது. நீ மட்டும் ஏற்காட்டில் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு, கடைசல் லேத் வாங்கிவிட்டேன், பந்தை அடிக்கிற கோல், அதான் கியூ, கடையப் போகிறேன் என்று எழுதுகிறாய். அந்தச் சுமையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிய டிரைவர் உன்னை என்னவெல்லாம் திட்டியிருப்பாரோ. அதிலும் பூல் கியூ! 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பிறந்த ஸ்நூக்கரை விட்டுவிட்டு உனக்கேன் இந்த ஆசை என்று கேட்க இருந்தேன். மகன் கேட்டான் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட்டாய். சரி, விட்டேன்.

சாண்டிங் மேண்ட்ரல், அதான் கியூவை லேத்தில் சுற்றவிட்டு உப்புத்தாளால் தேய்க்கும்போது அதன் ஜாயிண்ட் முனையில் திருகி மாட்டுகிற விரல்நீளத் துண்டு, எது வாங்கலாம், செட்டாக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். செட் வேண்டவே வேண்டாம். முதலில் கியூவின் இரண்டு பாதியையும் சேர்க்கிற திருகாணி, அந்தப் பின், எது போடப் போகிறாய் என்று முடிவு செய். 5/16 அங்குலப் பின்னிலேயே அங்குலத்துக்கு 18 மரையும் இருக்கிறது, 14 மரையும் இருக்கிறது. 18-க்கு உள்மரை வெட்டுகிற டாப் எந்த டூல்ஸ் கடையிலும் கேட்கலாம், 14 கியூக்காரர்கள் மட்டும் புழங்குகிற சங்கதி, கடைக்காரர் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். 3/8-லும் இதே கூத்துதான், 10 மரை, 11 மரை என்று. ரேடியல் பின் என்றால் 8 மரை, பள்ளமெல்லாம் வட்டமாக இருக்கும், சாதாரண டாப் போட்ட துண்டு அதில் ஒழுங்காக உட்காராது, அதற்கு மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள். மற்றதெல்லாம் உன் லேத்திலேயே ஒரு மதியத்தில் கடைந்துவிடலாம். பட்டுக்கு, அதாவது பின் இருக்கிற கைப்பிடிப் பாதிக்கு ஒன்று, உள்மரையோடு, பின்மேல் திருகி மாட்ட. ஷாஃப்டுக்கு, அதாவது ஒல்லியான முன்பாதிக்கு ஒன்று, வெளிமரையோடு. வெளிமுனையில் லேத்தின் கூர்முனை வந்து தாங்க 60 டிகிரி சென்டர் துளை. அவ்வளவுதான்.

அளவில்தான் நான் ஏமாந்தேன். ஜாயிண்டின் குறுக்களவு சுமார் 21 மில்லிமீட்டரும் கொஞ்சமும் வரும் இல்லையா, நான் கையில் கிடைத்த 20 மி.மீ. துண்டிலேயே துளை போட்டு மரை வெட்டி மாட்டிவிட்டு, உப்புத்தாளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினேன். தாள் ஜாயிண்டைத் தாண்டும்போதெல்லாம் கீழே இறங்கி விளிம்பை உருட்டிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஷாஃப்டை மாட்டி, இரண்டும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினால் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். அடுத்ததற்குப் பயந்துபோய்ப் பெரிதாகக் கடைந்தேன், அப்போது தாள் மேண்ட்ரல்மேல் ஏறி நின்றுகொண்டு மரத்தைத் தொடவே இல்லை, விளிம்பு மட்டும் புடைத்து நின்றது. ஆகவே ஜாயிண்ட் கடைசியில் என்ன அளவுக்கு வர வேண்டுமோ அதே அளவில் மேண்ட்ரலைக் கடை, மரத்தை ஒரு மயிரிழை கூடுதலாக விடு, கட்டையில் சுற்றிய தாளால் இரண்டும் மட்டமாகும்வரை தேய். 220 நம்பர் தாளில் தொடங்கி 600 வரை போ, விரலால் அழுத்தாதே.

இன்னொன்று, மரை எப்போதும் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும், அதை நம்பி சென்டர் வராது. மேண்ட்ரலின் முகப்பு மரைக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும், பின்னின் அடிப்பாகம் நுழைகிற வாய் இறுக்கமாக இருக்க வேண்டும். அதனால் மரை வெட்டுவதும் முகப்பைச் சீவுவதும் வெளியைக் கடைவதும் துண்டைப் பிடிக்கிற சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே மாட்டலில் முடித்துவிடு. பிறகு துண்டைச் சுற்றிவிட்டு, ஆட்டத்தை முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பார். முள் ஆடினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடு, அதைச் சரிக்கட்டலாம் என்று உட்காராதே, நான் இரண்டு ஞாயிறு வீணாக்கியிருக்கிறேன்.

எதில் செய்வது? அலுமினியம் கடைய இனிக்கும், ஆனால் தேய்க்கும்போது அதன் கருந்தூள் கியூவின் மேப்பிள் மரத்து வெள்ளையில் ஏறிவிட்டால் அழுக்குக் கைரேகை மாதிரி நின்றுவிடும், பித்தளையும் சுத்தமில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நன்றாக உழைக்கும். நம் ஊர் ஸ்டீல் பிளாண்டைச் சொல்லிக் கேட்காதே, அங்கே தகடுதான், ராடு வராது. நான் இப்போது வைத்திருப்பது ஹைலம் ராடு, பிசினில் இறுகிய கெட்டிப் பொருள், மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மிச்சத்துண்டாக எடைக்குக் கிடைத்தது. கறை விடுவதில்லை. தேய்ந்துபோகும், போகட்டுமே, இன்னொன்று கடைந்தால் போச்சு.

வார்னிஷ் அடிக்கும்போது இந்த மேண்ட்ரலைப் போடாதே! நான் போட்டேன். பூச்சு மரத்தையும் மேண்ட்ரலையும் சேர்த்துப் பாலம் மாதிரி மூடிவிட்டது, கழற்றினதும் ஜாயிண்ட் ஓரத்தில் நகம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது, மொத்தத்தையும் சுரண்டி மறுபடி அடித்தேன். பூச்சுக்குத் தனியாக, ஜாயிண்டைவிட ஒரு மி.மீ. ஒல்லியாக, டெல்ரின் பிளாஸ்டிக்கில் ஒன்று வைத்துக்கொள், அதில் எதுவும் ஒட்டாது. பூச்சு காய்ந்ததும் மறுபடி சாண்டிங் மேண்ட்ரலுக்கு வரும்போது இப்போது ஜாயிண்ட் தடித்திருக்கும், பழைய மேண்ட்ரல் சிறுத்துப்போயிருக்கும், அப்படியே தேய்த்தால் ஓரத்தில் பூச்சு கிழிந்து மரம் எட்டிப் பார்க்கும். செல்லோ டேப் ஒரு சுற்று ஒட்டினால் குறுக்களவு சுமார் 0.1 மி.மீ. கூடும். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வெட்டி ஒட்டு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

உன் இடத்தில் எனக்குப் பயம் மேண்ட்ரலைப் பற்றி இல்லை, பனிமூட்டத்தைப் பற்றி. அங்கே ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், ஜாயிண்டைச் சுற்றி மாட்டுகிற ஸ்டீல் வளையம், அந்தக் காலர், ஊதாது. இரண்டையும் மலையில் மட்டமாகத் தேய்த்துவிட்டு உன் மகன் ஹாஸ்டலுக்கு இங்கே கீழே கொண்டுவந்தால் ஒரு மாதத்தில் மரம் சுருங்கிக் காலர் மட்டும் தூக்கி நிற்கும். மரத்தின் பருமனை ஒரேயடியாகக் குறைக்காமல் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடை. கடைசித் தேய்ப்புக்குக் கட்டையை இங்கே கொண்டுவந்துவிடு, என் பரண்மேல் இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும், அந்த அனலில் தானே அடங்கிவிடும். அதுவரை மேப்பிளைத் தொடாதே, தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிற சில்வர் ஓக்கில் கிளை கழித்தது கிடக்குமே, அதில் பழகு. மெத்தென்ற மரம், கியூவுக்கு ஆகாது, கை பழக ஆகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் கிளம்புகிற முதல் பஸ்ஸிலேயே வருகிறேன், ஹைலம் துண்டு இரண்டு எடுத்துவருகிறேன், மல்கோவாவும். பின் வந்துவிட்டதா, 18-ஆ 14-ஆ என்று மரையை எண்ணி அதற்குள் எழுது, டாப் எடுத்து வைக்கணும். அப்புறம் போன தடவை தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய காப்பித்தூள், அம்மா மறக்கவில்லை.

உன்,
பட்டறைக்காரன்