இன்னும் முப்பதுக்கு வரவில்லை

மதுரை,
புரட்டாசி 12

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அக்கா பேரன் ரகுவின் ரிப்போர்ட் கைக்கு வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நேற்று வந்துவிட்டது.

"சர்க்கரை நோய்க்காகப் பதினெட்டு வயதுப் பையனுக்கு இரைப்பையை வெட்டுவதா? வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் அவன் முகத்துக்கு நேராக. தினமும் காலையில் அவனை இழுத்துக்கொண்டு போய்த் தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடக்க வைத்தேன். பரோட்டாவை நிறுத்தினான், இரவில் கோதுமை உப்புமா. நான்கு கிலோ இறங்கியது, பிறகு ஆறு கிலோ ஏறியது. திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று அவன் பையைக்கூட ஒருநாள் சோதித்தேன். உள்ளே கல்லூரி நோட்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இதற்கு நடுவில் யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் ஒரு சூரணம் வேறு வாங்கிக் கொடுத்தார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்ன சூரணம். ஆறு மாதம் அதில் போயிற்று.

என் மனத்தை மாற்றியது சிறுநீர்ப் பரிசோதனை. முப்பத்திரண்டு வருஷம் லேபில் உட்கார்ந்தவன் நான். அந்தக் காலத்தில் பெனடிக்ட் கரைசலில் சொட்டு விட்டுச் சூடாக்குவோம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை உச்சத்தில் என்று அர்த்தம். அல்புமின் என்கிற புரதம் இருக்கிறதா என்று பார்க்க, சோதனைக்குழாயின் மேல்பகுதியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி அசெட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விடுவோம். கலங்கல் கரையாமல் நின்றால் கிட்னி கசிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவு கலங்குவதற்குள் கிட்னி வெகுதூரம் கெட்டிருக்கும். இப்போது மிகச் சிறிய கசிவையும் அளந்துவிடுகிறார்கள். சிறுநீரில் எப்போதும் வெளியேறுகிற கழிவான கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை. ரகுவுக்கு 140. அறுபது வயதுக்காரர்களின் ரிப்போர்ட்டில் நான் எழுதிப் பழகிய எண் அது.

சின்ன வயதில் வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரை பெரியவர்களுக்கு வருவதுபோல் மெதுவாக நகர்வதில்லை, முத்து. கணையம் சீக்கிரம் களைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 2004 முதல் 10-லிருந்து 17 வயதுக்குட்பட்ட 699 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், 'டுடே' ஆய்வு என்று பெயர். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அது கைகொடுக்கவில்லை. சராசரி 26 வயதை எட்டியபோது, கணக்குப்படி பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிட்னி பாதிப்பு, மூன்றில் ஒருவருக்கு நரம்பு பாதிப்பு. இருபத்தாறு வயதில் நீயும் நானும் மேலமாசி வீதியில் சைக்கிளில் திரிந்துகொண்டிருந்தோம்.

அதே நாட்டில், ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளை 'டீன் லேப்ஸ்' என்ற ஆய்வில் தனியாகப் பின்தொடர்ந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு 2020-இல் வந்த கட்டுரையை டாக்டர் எனக்கு எடுத்துக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் அல்புமின் கசிவு, ஆபரேஷன் செய்தவர்களிடம் நூற்றுக்கு 27 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் 21 பேரிலிருந்து 43 பேராக ஏறியது. ஆபரேஷன் பக்கம் 30 பேர், மருந்துப் பக்கம் 63 பேர்தான். சீட்டுக் குலுக்கிப் பிரித்த கூட்டமும் இல்லை. லேப்காரன் புத்தி, சின்ன எண்ணை முழுதாக நம்பாது. ஆனாலும் ஒன்று இறங்க, மற்றது ஏறியதை எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவது?

பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இடம் குறைவது மட்டுமில்லை. பசியைக் கிளப்புகிற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறதாம். அதைக் கேட்டபோதுதான் அவன் பையைச் சோதித்தது எனக்கு இன்னும் உறுத்தியது. எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கியது. ஒரு வாரத்தில் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா அழுத அழுகை தனிக் கதை. இரண்டு வாரம் வெறும் திரவம், பிறகு குழைத்த சாதம் நான்கு ஸ்பூன். "என் பேரன் குருவி மாதிரி கொத்துகிறானே" என்று அடுப்படியில் உட்கார்ந்து புலம்புவாள். இப்போதும் ஒரு இட்லிக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிறான். அவசரமாக விழுங்கினால் வாந்திதான்.

சும்மா கிடைத்த வரம் என்று நினைக்காதே. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க மாத்திரையாக எடுக்க வேண்டும். போன மாதம் அவனுக்கு இரும்புச் சத்து இறங்கித் தலைசுற்றல் வந்தது. சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது. சர்க்கரை திரும்பவும் வரலாம்: அந்த டீன் லேப்ஸ் ஆய்வில் சர்க்கரையோடு ஆபரேஷனுக்கு வந்த பிள்ளைகளிலேயே பத்து வருஷம் கழித்தும் சர்க்கரை இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 55 பேர்தான். உன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டிருந்தாயே, அதனால் சொல்கிறேன்: குண்டாக இருக்கிறாள் என்பதற்காக மட்டும் யாரும் ஓடக் கூடாது. முதலில் சிறுநீரில் அல்புமின் பார்க்கச் சொல், கண்ணின் விழித்திரையைப் பார்க்கச் சொல். ரகுவை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண் நன்றாக இருக்கிறது.

இனி நேற்றைய ரிப்போர்ட். எடை 118-லிருந்து 89. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.4-லிருந்து 5.9. அல்புமின் 52. இன்னும் முப்பதுக்கு வரவில்லை. மார்கழியில் மறுபடி பார்ப்பார்கள். தாளை அவனிடம் கொடுத்தேன். எடை எண்ணை விட்டுவிட்டு நேரே கடைசி வரிக்குப் போனான். நான் கெடுத்த பிள்ளை!

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது பழக்கதோஷத்தில் திருநெல்வேலி அல்வாவை இரண்டு கிலோ கட்டிக்கொண்டு வராதே. அக்காவுக்கு மட்டும் கால் கிலோ போதும். எழுபத்திரண்டு வயதிலும் அவளுக்குச் சர்க்கரை கிடையாது.

உன்,
பழனி