ரிசீவர் வாங்குவதற்கு முன்னால்

மாப்ள,

உன் மெயில் வந்தது. பாப்பாவுக்கு நினைத்த காலேஜிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாடு முதல் மாசம் எல்லோரையும் அழ வைக்கும், அப்புறம் பழகிவிடும், தங்கச்சியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். இங்கே அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூரத்தில் வரும் பஸ் நம்பரை எனக்கு முன்னால் படித்துச் சொல்கிறார். வீட்டில் அவரைப் பிடிக்க முடியவில்லை, காலையும் சாயங்காலமும் வாக்கிங்.

அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, டிவியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று அடிக்கடி உன்னிடம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய் இல்லையா, ரிசீவர், அதாவது டிவி சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் முன்னால் நின்றது. நீ வாட்ஸ் எவ்வளவு, அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற டால்பி முறை) வேண்டுமா, 8கே (4கே-யைவிட நுணுக்கமான படம்) வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால், உன் ஹாலில் அம்மாவுக்கு வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும், அந்தப் பெட்டி நம்ம ஊர் வெயிலிலும் கரன்டிலும் பத்து வருஷம் ஓட வேண்டும், இந்த இரண்டையும் வைத்து முடிவு பண்ணு.

முதலில் இப்போது இருக்கிற பழைய ரிசீவரை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடு. அது அணைந்து அணைந்து போகிறது, முன்னால் சிவப்பு லைட் மினுக்குகிறது என்கிறாய். அது பாதுகாப்புக்காகத் தானே நிறுத்திக்கொள்வது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்று. கழற்றும்போதே பின்பக்கம் டார்ச் அடித்துப் பார், முறுக்காமல் விட்ட ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், இப்படித்தான் அணையும். ஒயர் ஒன்றும் இல்லாமல் ஆன் பண்ணு. நிற்காமல் ஓடினால் கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ ஸ்பீக்கரிலோதான் இருக்கும். அப்போதும் உடனே அணைந்தால் கோளாறு ரிசீவருக்கு உள்ளேதான், பெரும்பாலும் ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பகுதி, போயிருக்கும். அரை மணி நேரம் ஓடி அப்புறம் அணைந்தால் பெரும்பாலும் சூடுதான், மேல் மூடித் துளையில் அடைத்திருக்கும் தூசியை எடுத்துவிட்டு வெளியில் வைத்து ஓட்டிப் பார். ஆம்ப் நன்றாக இருந்து எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் சேர்ந்து போகிற இணைப்பு) மட்டும் செத்திருந்தால், டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் ஒன்று போட்டாலே 5.1 டால்பி டிஜிட்டல், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப் வூஃபருக்கும் தனித்தனிச் சத்தம், வந்துவிடும், அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம். மெக்கானிக் கேட்கிற போர்டு எங்கேயும் கிடைக்கவில்லை என்று நீ எழுதியதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் பார்த்துவிடு.

சரி, புதுசுதான் என்று ஆகிவிட்டால்.

வாட்ஸ் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. டெனான் ஏவிஆர்-எக்ஸ்580பிடி என்ற மாடலையே எடுத்துக்கொள், ஒரு இடத்தில் 130 வாட்ஸ் என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 70 என்று இருக்கும். இரண்டும் உண்மை. 130 என்பது 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) கணக்கில் ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழியை மட்டும், ஒரே ஒரு சுருதியில் ஓட்டிப் பார்த்து எழுதியது. 70 என்பது 8 ஓமில் இரண்டு சேனலைச் சேர்த்து, தாழ்ந்த 20 ஹெர்ட்ஸ் சுருதியிலிருந்து உச்ச 20,000 வரைக்கும், 0.08 சதவீதத்துக்குள் சிதைவு இருக்கும்படி அளந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த இரண்டாவது வகை எண்ணைத் தேடிப்பிடித்து அதையே ஒப்பிடு. அந்த 70 உனக்குத் தாராளம். உன் ஸ்பீக்கரின் பின்னால் 88 டிபி என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 88 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். உன் சோபா மூன்று மீட்டரில் இருக்கிறது, அங்கே வரும்போது சுமார் பத்து டெசிபல் குறையும், ஹால் சுவரெல்லாம் திருப்பிக் கொடுப்பதால் உண்மையில் அவ்வளவுகூடக் குறையாது. ஒரே ஒரு வாட்டில் 78 டெசிபல், அதுவே டிவி பார்க்க நல்ல சத்தம். 70 வாட் போனால் 96, 97 டெசிபல், மாடி வீட்டுக்காரர் இறங்கி வருவார். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் 70-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே.

அட்மாஸ் பற்றி. மேலே இரண்டு ஸ்பீக்கர் மாட்டினால்தான் அட்மாஸ் ஒழுங்காகக் கேட்கும். அதற்கு ஏழு சேனல் ரிசீவர் வேண்டும், டெனானில் எக்ஸ்1700எச், எக்ஸ்1800எச், யமஹாவில் ஆர்எக்ஸ்-வி6ஏ மாதிரி. உன் வீட்டில் கான்கிரீட் தளம், ஃபால்ஸ் சீலிங் இல்லை, ஒயரைச் சுவரில் கேசிங் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். தங்கச்சி போன வருஷம்தான் பெயின்ட் அடித்து முடித்தார்கள். தரையிலிருந்து மேலே பார்த்து அடிக்கிற ஸ்பீக்கரும் இருக்கிறது, ஆனால் அதன் சத்தம் கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும், நடுவில் உத்தரம் ஓடுகிற உன் ஹாலில் நான் அதற்குக் காசு போட மாட்டேன். இப்போது இருக்கிற ஐந்து ஸ்பீக்கரும் சப் வூஃபரும் நல்ல செட். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ரிச்சி தெருவில் அலைந்து வாங்கியது, கோன் எதுவும் கிழியவில்லை, அது இன்னும் பல வருஷம் பாடும். ஐந்து சேனல் ரிசீவரே போதும் என்பது என் முடிவு. வேறு வீடு கட்டும்போது அட்மாஸ் பற்றிப் பேசலாம்.

8கே பற்றி நீ கவலைப்படவே வேண்டாம், உன் டிவி 4கே, அதை நீ இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. நீ பார்க்க வேண்டியது டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் ஆர்க் என்று எழுதியிருக்கிறதா, ஈ-ஆர்க் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான். டிவியின் சத்தத்தை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புகிற வசதி ஆர்க், அதன் மேம்பட்ட வடிவம் ஈ-ஆர்க். ஓடிடியில் வருகிற 5.1 சத்தமெல்லாம், அதோடு வருகிற அட்மாஸ்கூட, சாதாரண ஆர்க் வழியாகவே வந்துவிடும். ப்ளூரே தட்டில் இருக்கிற டால்பி ட்ரூஎச்டி மாதிரி பெரிய சத்தத்துக்குத்தான் ஈ-ஆர்க் வேண்டும், அதுவும் ப்ளேயரை நேராக ரிசீவரில் சொருகினால் அதுகூடத் தேவையில்லை. தம்பியின் கேம் பெட்டியை டிவியிலேயே சொருகிவிடச் சொல், படம் டிவிக்கும் சத்தம் ரிசீவருக்கும் போய்விடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2020-ல் எச்டிஎம்ஐ 2.1 போட்டு வந்த முதல் ரிசீவர்கள் சிலவற்றில் ஒரு சிப் கோளாறு இருந்தது, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் கேம் பெட்டியிலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ் படம் அனுப்பினால் வராது. யமஹா அப்புறம் போர்டை மாற்றிக் கொடுத்தது. பழைய ஸ்டாக் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் அதைக் கேட்டுக்கொள், ஆனால் கேம் பெட்டி டிவியிலேயே இருந்துவிட்டால் உனக்கு அந்தத் தலைவலி கிடையாது.

இப்போது அம்மா விஷயம். ஐந்து ஸ்பீக்கர் செட்டில் வசனம் முக்கால்வாசி வருவது நடுவில் இருக்கிற சென்டர் ஸ்பீக்கரிலிருந்து. அதை நீ டிவி யூனிட்டின் கீழ்த் தட்டில், உள்ளே தள்ளி வைத்திருக்கிறாய், போன தடவை வந்தபோதே பார்த்தேன். தட்டின் விளிம்புக்கு இழுத்து வை, முன்பக்கம் அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து அம்மா உட்காருகிற நாற்காலியின் காது உயரத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் நிமிர்த்து. புது ரிசீவர் வந்த பிறகு சென்டர் அளவை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்று. ராத்திரி பார்க்கும்போது சண்டைக் காட்சியின் சத்தத்தை அடக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கிற நைட் மோட் எல்லா ரிசீவரிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அதைத் தேடிப் போட்டுவிடு. ரிசீவர் செட்டிங்ஸில் ஸ்பீக்கரையெல்லாம் ஸ்மால் என்று வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை சப் வூஃபருக்கு அனுப்பிவிட்டால் சென்டருக்கும் பாரம் குறையும், பேச்சு தெளியும்.

ஆனாலும் உன் ஹாலில் எதிரொலிதான் பெரிய எதிரி. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கை தட்டினாலே ணங் என்று திரும்பி வருகிறது. மைக் வைத்து அறையை அளந்து தானே சரி பண்ணிக்கொள்கிற வசதி, டெனானின் ஏழு சேனல் பெட்டிகளில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ என்பார்கள், நல்ல விஷயம்தான், பேஸ் எங்கேயாவது வீங்கியிருந்தால் அதைச் சமப்படுத்தும். எதிரொலியை அதனால் எடுக்க முடியாது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் கனமான ஜமுக்காளம் ஒன்று, ஜன்னலுக்குக் கனத்த திரை, இது இரண்டும் போட்டால் எந்த ரிசீவரும் கொடுக்காத தெளிவு அம்மாவுக்குக் கிடைக்கும். பத்தமடைப் பாய் அழகாக இருக்கும், ஆனால் மெல்லியது, அது இதற்கு உதவாது.

ஆக, ஐம்பதாயிரத்துக்குள் என்று நீ சொன்ன கணக்குக்கு நான் போகச் சொல்வது அந்த எக்ஸ்580பிடி மாதிரி ஐந்து சேனல் பெட்டிதான். நாலு எச்டிஎம்ஐ, ஈ-ஆர்க், ப்ளூடூத், அளக்கிற மைக் எல்லாம் இருக்கிறது. அந்த மைக் அளக்கிற முறை ஆடிசி அளவுக்கு நுணுக்கமானது என்று சொல்ல மாட்டேன். வைஃபை கிடையாது, நீ ராஜா பாட்டை போனிலிருந்து ப்ளூடூத்தில் போடுவதற்கு அது ஒன்றும் தடையில்லை. வைஃபை கண்டிப்பாக வேண்டும் என்றால் யமஹா ஆர்எக்ஸ்-வி4ஏ பார், அதுவும் ஐந்து சேனல்தான். ஏழு சேனல் டெனானில் ஆடிசி எக்ஸ்டி இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும், ஆனால் விலை உன் கணக்கைத் தாண்டும், அந்தக் காசு ஜமுக்காளத்துக்கும் திரைக்கும் போகட்டும். விலை கடைக்குக் கடை மாறும், இரண்டு மூன்று இடத்தில் கேள். நெல்லையிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லை மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடு.

உன் மச்சினன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதாகச் சொன்னதை அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கே விற்பது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 230. இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும், அது ஓயாமல் உறுமும், வாரன்டி இங்கே செல்லாது. ஏழெட்டு கிலோ பெட்டியை லக்கேஜில் தூக்கி வந்ததுதான் மிச்சம்.

வந்த பிறகு அதைக் கதவு போட்ட அலமாரியில் வைக்காதே. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரைக் காய வைத்துக் கொல்வது சூடுதான், அதுவும் சித்திரை வெயிலில் நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். மேலே ஒரு சாண் இடம் விடு, அதற்கு மேல் செட்டாப் பாக்ஸை ஏற்றாதே. பின்பக்கம் பல்லி போகாமல் பார்த்துக்கொள், மெக்கானிக் திறந்தால் பாதி பெட்டியில் கருகிய பல்லிதான் கிடக்கும். உங்கள் தெருவில் கரன்ட் போய்த் திரும்பி வரும்போது வோல்டேஜ் குதிக்கிறது என்றாய், டிவிக்கும் ரிசீவருக்கும் சேர்த்து ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போடு.

மைக்கில் அளக்கிற அன்று சீலிங் ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்து, குக்கர் விசில் வராத நேரமாகப் பார், மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் வைக்காமல் ஒரு ஸ்டாண்டில் அம்மாவின் காது உயரத்தில் நிறுத்து. முதல் அளவு அம்மா உட்காருகிற இடமாகவே இருக்கட்டும். டிவி ரிமோட்டிலேயே ரிசீவரும் ஆன் ஆகி வால்யூம் கூடிக் குறைகிற மாதிரி டிவி செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ சிஇசி-யைப் போட்டுவிட்டால், நீ ஆபீஸ் போன பிறகு அம்மா ஒரே ரிமோட்டில் பார்த்துக்கொள்வார்கள்.

பழையதைச் சோதித்ததும் எந்த நிலையில் அணைகிறது என்று எழுது. டிவியின் பின்பக்கத்தையும் ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. பதினாறு கேஜ் ஸ்பீக்கர் ஒயர் என்னிடம் ஒரு சுருள் மீந்து கிடக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன், நீ வாங்காதே.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
கண்ணன்