தவணை தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய அனைவருக்கும்,

கோண்டாவிலில் உள்ள எங்கள் வீடு ஏலம் போகாமல் நின்றதற்குக் காரணமான உங்களில் பெரும்பாலானோருக்கு நாங்கள் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டோம். ஆயினும், ஏல அறிவித்தல் ஊரறியப் பத்திரிகையில் வந்ததுபோல நன்றியும் ஊரறிய வரவேண்டும் என்று என் கணவர் விரும்பினார். எங்கள் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாக அச்சிட்ட நன்றி நவிலல்கள் எல்லாம், இறந்தவர் நினைவாக அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டு என்ற சிறுநூலின் கடைசிப் பக்கத்துக்கு உரியவை. நின்று நிலைத்த ஒரு வீட்டுக்காக எழுதப்படும் நன்றி நவிலல் எங்களுக்கு இதுவே முதற்றடவை. அதனால் நடை சற்றுத் தடுமாறினால் பொறுத்தருள வேண்டும்.

இந்த வீடு என் தாயார் எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போரினால் எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது சாவி இருந்தது, கதவு இருக்கவில்லை. பிறகு ஓடு ஓடாக, அறை அறையாகக் கட்டியெழுப்பிய அந்த வீட்டை 2018இல், புதிய ஓஃப்செற் இயந்திரம் ஒன்று வாங்குவதற்காக, கணவரும் நானும் இணைந்து ஒப்பமிட்டு 75 இலட்சம் ரூபாய்க்கு வங்கியொன்றில் ஈடு வைத்தோம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் சீதனக் காணியை ஈடு வைப்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அன்று நொத்தாரிசின் முன் அந்தச் சம்மதத்தை அவர் தந்தபோது இருவருமே சிரித்தோம், ஏனென்றால் கடன் கேட்டுப் போனவரே அவர்தான்.

பத்து ஆண்டுத் தவணை, மாதம் 121,000 ரூபாய். முதல் இரண்டு ஆண்டுகள் ஒருநாளும் பிந்தவில்லை. 2020இல் கொரோனா வந்து கலியாணமும் கோயில் திருவிழாவும் நின்றபோது அழைப்பிதழும் நோட்டீசும் நின்றன. மத்திய வங்கி அறிவித்த கடன் சலுகைக் காலம் மூச்சுவிட இடம் தந்தது; ஆனால் அந்த மாதங்களின் வட்டி மறைந்துவிடவில்லை, முதலோடு சேர்ந்துகொண்டது என்பதை நாங்கள் பிந்தித்தான் விளங்கிக்கொண்டோம். 2022இல் தாள் கிடைக்கவில்லை, கிடைத்த தாளை அச்சிட மின்சாரம் இருக்கவில்லை. மார்ச் மாத இறுதியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. எங்கள் கடனின் வட்டி சந்தை வீதத்தோடு ஏறி இறங்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், ஆண்டு முடிவதற்குள் அது 28 சதவீதத்தைத் தொட்டது. மிகுதிக் கடன் 72 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 168,000 ரூபாய். முன்பு கட்டிய முழுத் தவணைப் பணமும் வட்டிக்கே போதாது என்ற நிலையில் கட்டுவதை நிறுத்திவிட்டோம், அதைவிடத் தவறாக, வங்கியிலிருந்து வரும் கடிதங்களைத் திறப்பதையும் நிறுத்திவிட்டோம்.

2023 இறுதியில், வங்கியின் பணிப்பாளர் சபை எங்கள் வீட்டைப் பகிரங்க ஏலத்தில் விற்கத் தீர்மானித்திருப்பதாக வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சாவுகளையெல்லாம் எழுத்துக் கோத்து அடித்த என் கணவர், தன் முழுப் பெயரையும் காணியின் நான்கு எல்லைகளையும் இன்னொருவரின் அச்சில் பார்த்தபோது, அதில் ஓர் எழுத்துப் பிழையைத்தான் முதலில் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் அவர் பேசவில்லை.

முதல் நன்றி, மூன்றாம் நாள் காலை சைக்கிளில் வந்திறங்கிய உரும்பிராய் ஐயாவுக்கு உரியது. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரான அவரை நாங்கள் அழைக்கவில்லை. தன் துணைவியாரின் கல்வெட்டை எங்களிடம் அடித்தவர் என்பதைத் தவிர வேறு பழக்கமும் இல்லை. ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லாமல், "திறக்காத கடிதங்கள் எங்கே?" என்று கேட்டார். நான் உள்ளே போய், சாமியறையில் திருநீற்றுத் தட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த பதினேழு கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் விளிம்பு வெட்டித் திறந்து, திகதி வரிசையில் வைத்து, மதியச் சாப்பாடு வரை வாசித்தார். அவற்றுள் நான்கு கடிதங்கள், வந்து பேசினால் தவணையை மாற்றியமைக்கலாம் என்று எங்களை அழைத்த கடிதங்கள். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் பத்திரிகை அறிவித்தல் தந்த வெட்கத்தைவிடப் பெரியது.

அவர்தான் பராட்டே என்று ஊரில் சொல்லப்படுவது என்ன என்பதை எங்களுக்கு விளங்கவைத்தார். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றைக் கொண்டு ஈடு வைத்த காணியை ஏலமிட வங்கிக்கு அதிகாரம் உண்டு. 2011இல் வந்த திருத்தத்தின் பின்னர், முதற்கடன் 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வழியில் போக முடியாது, மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். நாங்கள் 75 இலட்சம் எடுத்தவர்கள் ஆதலால் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றோம். ஆனால் ஏலத்துக்கு முன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாலோ, வங்கி புதிய ஏற்பாட்டுக்கு இணங்கினாலோ ஏலம் நடக்காது என்றும், ஏல நாள் வரை உள்ள ஒவ்வொரு நாளும் எங்களுடையது என்றும் அவர் சொன்னார். பின்னர் நான்கு வாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, கணக்குக் கூற்றை வரி வரியாகப் பிரித்தார். நிலுவையில் நின்ற தவணைகளுக்கு மட்டும் விதிக்கவேண்டிய தாமத வட்டி சில மாதங்களில் முழுக் கடனுக்கும் விதிக்கப்பட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அதைத் திருத்தும்படி நாங்கள் எழுதிய கடிதத்தின் பயனாக 4 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் குறைந்தது. ஐயா, நீங்கள் தேநீருக்கு மேல் எதையும் வாங்கவில்லை. அந்தத் தேநீருக்கும் சீனி வேண்டாம் என்றீர்கள்.

இரண்டாவதாக, சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எங்களைச் சந்தித்த இளம் சட்டத்தரணிக்கு. எங்கள் வருமானம் இலவச வழக்குரைப்புக்கான எல்லையைத் தாண்டுகிறது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதோடு எழுப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் மகளே, நீர் மேலும் ஒரு மணி நேரம் எங்களை இருத்தி, யாரிடம் எந்த ஒழுங்கில் முறையிடவேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தந்தீர்: முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு, தொலைபேசி எண் 1935, அதற்கும் அப்பால் நிதி ஒம்புட்ஸ்மன் என்ற குறைகேள் அதிகாரி. வட்டிக்குக் கொடுப்பவரிடம் கைமாற்று வாங்கி வங்கிக்குக் கட்டக்கூடாது என்று அந்தத் தாளின் அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தீர். அந்தக் கிழமைதான் ஒருவர் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் தருவதாக வாசல்வரை வந்திருந்தார். உம்முடைய இரட்டைக் கோடு இல்லாவிட்டால் நாங்கள் வாங்கியிருப்போம்.

மூன்றாவது நன்றி சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமானது, ஏனென்றால் அது அதே வங்கியில் வேலை செய்யும் ஒருவருக்கு. 2024 மார்ச்சில் எங்கள் ஏல நாள் குறிக்கப்பட்டிருந்தது. பராட்டேயை இடைநிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது என்றாலும் சட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. விரும்பினால் வங்கி ஏலத்தை நடத்தியிருக்கலாம். கிளையின் கடன் பிரிவில் இருந்த தங்கச்சி, கணக்கில் திருத்தம் கேட்கப்பட்டிருப்பதையும் அச்சகம் இன்னும் இயங்குவதையும் குறிப்பிட்டு, ஏலத்தைப் பிற்போடும்படி தலைமை அலுவலகத்துக்குத் தன் பெயரில் எழுதினார். மேலதிகாரிகள் அதை விரும்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஏலத்துக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது பிற்போடப்பட்ட செய்தி வந்தது. அதன் பின்னர் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, பராட்டே ஏலங்களை 2024 டிசம்பர் 15 வரை நிறுத்தியது. அது பிறகு 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. நலிந்த தொழில்களை மீட்பதற்கென்று ஒவ்வொரு வங்கியும் தனிப் பிரிவொன்றை நடத்தவேண்டும் என்று மத்திய வங்கி பணித்ததும் 2024 மார்ச்சில்தான். எங்கள் கோப்பு அந்தப் பிரிவுக்குப் போனது.

அரசின் இந்த இடைநிறுத்தம் கடனை மன்னிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். "பராட்டே நின்றுவிட்டது, இனிக் கட்டத் தேவையில்லை" என்று பேசியவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே கேட்டிருக்கிறேன். வட்டி ஒருநாளும் நிற்கவில்லை. நின்றது ஏலக்காரரின் மணி மட்டுந்தான். நான் தமிழ் படிப்பித்தவள்; எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் தவணை, நீதிமன்றத்துக்கும் தவணை, கடனுக்கும் தவணை என்று ஒரே சொல்லைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கட்டவேண்டிய பணத்துக்கும் கட்டுவதற்குக் கிடைக்கும் காலத்துக்கும் ஒரே சொல் இருப்பதன் பொருத்தத்தை அந்த மாதங்களில்தான் உணர்ந்தேன்.

அந்தக் காலத்துக்குள் வங்கி கேட்ட முற்பணம் 15 இலட்சம். பழைய வெட்டும் இயந்திரத்தை விற்றதில் 4 இலட்சம் வந்தது. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாகத்தினர் 5 இலட்சத்தை எங்கள் இரு பிள்ளைகளின் பிணையில் தந்தார்கள். 1990களில் என் தாயார் கிழமைதோறும் சிறுதொகை போட்ட அதே சங்கம் அது. தாள் வியாபாரி அண்ணர் பழைய பாக்கியைக் கேட்காமல் புதிய தாளைக் கொடுத்தார். கனடாவில் இருக்கும் உறவினர் சிலர் தொலைபேசியில் அழுதார்கள், அவர்களுக்கும் நன்றி.

மிகுதி 6 இலட்சம் வந்த வழியைச் சற்று விரித்துச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் இருபது பேர் மாதம் 30,000 ரூபாய் போட்டு ஒரு சீட்டுப் பிடிக்கிறார்கள். அந்த ஆடி மாதச் சீட்டு, தன் மகளின் பூப்புனித நீராட்டுச் சாமத்திய வீட்டுக்கென்று ஒரு வருடம் முன்பே சொல்லி வைத்திருந்த எதிர்வீட்டுப் பிள்ளைக்கு உரியது. எனக்கு அது தெரிந்திருந்தால் வாய்திறந்திருக்க மாட்டேன். அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, கழிவும் பிடிக்காமல், முழுத்தொகையையும் ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சாமத்திய வீடு தைக்குத் தள்ளிப்போனது. தங்கச்சி, உன் மகளின் அழைப்பிதழை நாங்கள் பொன்னெழுத்தில் அடித்துத் தந்ததற்கு நீ காசு நீட்டியபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை.

கடந்த ஆண்டு நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலத்தில் புதிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டோம். தாமத வட்டி தள்ளுபடியானது. எஞ்சிய 80 இலட்சம், 12 சதவீத வட்டியில், 12 ஆண்டுகளுக்குப் பிரிக்கப்பட்டது. முதல் ஆறு மாதம் வட்டி மாத்திரம் 80,000 ரூபாய், அதன் பின்னர் மாதம் 107,000 ரூபாய். இதுவரை ஒரு தவணையும் பிந்தவில்லை. வீட்டு உறுதி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. 2036இல் அது கைக்கு வரும்போது எனக்கு எழுபத்தைந்து வயதாகியிருக்கும்.

அந்த நாட்களில் எங்களைக் கண்டும் முகத்தைத் திருப்பாமல் வழமைபோல "என்ன ரீச்சர், சந்தைக்கோ?" என்று கேட்ட, அயலூரான திருநெல்வேலிச் சந்தை வியாபாரிகளுக்கும், அறிவித்தலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் அந்த வாரமே தங்கள் ஆண்டுவிழா மலரை அச்சிடத் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், சம்பளம் பிந்தியபோதும் வேலையை விட்டுப் போகாத எங்கள் இரண்டு தொழிலாளருக்கும் இந்த மடலில் இடமுண்டு. பெயர் குறிப்பிடவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் எழுதவில்லை.

எங்கள் கோப்பின் பிரதி, வங்கிக்கு எழுதிய கடிதங்களோடும் சட்டத்தரணி மகள் எழுதித் தந்த தாளோடும், அச்சகத்தின் முன் மேசையில் இருக்கிறது. இதே நிலையில் உள்ளவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை தானும் வந்து இருப்பதாக உரும்பிராய் ஐயா இணங்கியிருக்கிறார். திறக்காத கடிதங்களையும் கொண்டுவரச் சொல்கிறார்; கத்தரிக்கோல் அவரிடம் உண்டு.

என்றும் நன்றியுடன்,
அச்சகக் குடும்பத்தினர் சார்பில், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர்
கோண்டாவில், யாழ்ப்பாணம்
ஆவணி 2025