கேட்டைப் பூட்டினோமா? நாய் வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். நாயைக் காரில் விட்டுவிட்டு யாரும் உள்ளே வந்து உட்காரவில்லை என்று நம்புகிறேன். விட்டிருந்தால் இப்போதே எழுந்து போகலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது, பதிவேட்டை ஒழுங்காக வைத்தால் போதும் என்றீர்கள். அதனால் வழக்கம்போல் கூட்டங்களின் பட்டியலில் தொடங்காமல், சம்பவப் பதிவேட்டில் தொடங்குகிறேன். நம் உறுப்பினர்களின் நாய்களால் இந்த ஆண்டு ஒருவருக்கேனும் காயமோ ஆபத்தோ ஏற்பட்ட நிகழ்ச்சிகள் நான்கு. நான்காவது என் வீட்டு நாயால் நடந்தது.

முதலாவதில், பார்சல் கொண்டுவந்தவர் கேட்டைத் தானே திறந்து உள்ளே வந்தார். அந்த வீட்டு டாபர்மேன் நாய் அவர் முன்கையைப் பிடித்தது. இரண்டாவதில், விருந்தினர் வந்த நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்துக்கு நேரே ராட்வைலர் ஒரு முறை வாயைத் திறந்து மூடியது. பல் படவில்லை. மூன்றாவதில், ஒரே வீட்டு நாய்கள் இரண்டும், வெளியே போன தெருநாயைக் கண்டு கம்பிக் கதவை ஒட்டிக் குதித்தன. எட்டாத கோபம் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரும்பியது. விலக்கக் கையை நடுவில் விட்டவருக்குத் தையல் போட வேண்டியிருந்தது.

நான்காவதில் யாரையும் நாய் கடிக்கவில்லை. இரண்டு கையிலும் பையோடு வந்த நான், கேட்டைக் காலால் தள்ளிச் சாத்தினேன். கொண்டி விழவில்லை. என் ராட்வைலர் வாலாட்டிக்கொண்டே வெளியே ஓடி, பக்கத்துத் தெருவில் நடந்துகொண்டிருந்த பெரியவர் மேல் மோதியது. கீழே விழுந்து அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "அது ஒன்றும் செய்யாது" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டு எரிச்சல் பட்டிருப்பேன்! என் வாயிலும் அதுதான் வந்தது. 50 கிலோ நாய் ஆசையாக ஓடி வந்தாலும் 50 கிலோதான். மருத்துவச் செலவை நான் ஏற்றேன். அவர் என்னோடு இப்போது பேசுகிறார், ஆனால் அந்தத் தெருப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டார்.

நான்கையும் அடுத்தடுத்து எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஒன்றுகூட நடைப்பயிற்சியில் நடக்கவில்லை, மைதானத்தில் நடக்கவில்லை. நான்குமே கேட்டில் அல்லது வாசற்கதவில் தொடங்கியவை. அதுவரை நாம் எதைப் பற்றிப் பேசினோம்? இனத்தைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி, கடியின் வேகத்தைப் பற்றி. தாழ்ப்பாளைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசவில்லை.

யோசித்தால் இதில் வியப்பில்லை. டாபர்மேன் இனத்துக்குப் பெயர் தந்த லூயி டாபர்மேன், ஜெர்மனியின் அபோல்டா ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாழ்ந்த வரி வசூலிப்பவர். தன்னைக் காக்க ஒரு நாய் வேண்டும் என்று தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்தார். ராட்வைலர், ராட்வைல் நகரத்து இறைச்சிக் கடைக்காரர்களின் மாடுகளை ஓட்டியும் பொருளைக் காத்தும் வளர்ந்த நாய். துருக்கியின் கங்கால் ஆட்டு மந்தையை ஓநாயிடமிருந்து காப்பது. இவற்றையெல்லாம் எல்லையைக் கவனி, அந்நியனைக் கவனி என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது மனிதர்கள்தான். கேட் நமக்கு வாசல், அதற்கு வேலை பார்க்கும் இடம். அங்கே வேலையைச் செய்துவிட்டது என்று அதன் மேல் கோபப்படுகிறோம்.

ஆகவே ஆண்டின் பிற்பாதியில் செயற்குழு ஒரு கேட் ஆய்வுக்குழு அமைத்தது. பெயரைக் கேட்டுச் சிலர் சிரித்தீர்கள். குழு வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், சிரித்தவர்கள் வீட்டில்தான் அதிகக் குறை இருந்தது என்பதைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறேன். கீழே அழுத்தினால் திறக்கும் நெம்புகோல் கைப்பிடியை நாய் முன்னங்காலால் திறக்கும், பல வீட்டில் திறந்தும் காட்டியது. கம்பிக் கேட்டின் இடைவெளியில் மூக்கு வெளியே வருகிறது, அதைத் தொட ஒரு குழந்தையின் கையும் உள்ளே வரும். கேட்டுக்கு அடியில் மண் அரித்து வழி ஆகியிருந்தது. அழைப்பு மணி கேட்டுக்கு உள்பக்கம் இருந்த வீடுகளும் உண்டு. மணி அடிக்கவே வந்தவர் நாயின் எல்லைக்குள் கால் வைக்க வேண்டும். முதல் சம்பவம் அப்படித்தான் நடந்தது. பார்சல்காரரை அதுவரை நாங்கள் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

குழு பரிந்துரைத்தவை எளிமையானவை. தானாகச் சாத்திக்கொள்ளும் சுருள்வில், உயரத்தில் ஒரு இரண்டாம் கொண்டி, மணி வெளியே, எச்சரிக்கைப் பலகை படிக்கும் உயரத்தில். முடிந்த வீடுகளில் இரட்டைக் கதவு: வெளிக் கதவு சாத்திய பிறகுதான் உள்கதவு திறக்கும்படி நடுவில் ஒரு சின்ன அடைப்பு. அப்புறம், மணி அடித்ததும் நாய் தன் பாயில் போய் நிற்க வேண்டும் என்ற பயிற்சி. இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பாதி வீடுகளில் இன்னும் மணி அடித்தால் நாய் கேட்டுக்கும் வீட்டுக்காரர் பாய்க்கும் ஓடுகிறார்கள்.

இனி, இனத் தடை பற்றி நடந்த அந்த நீண்ட கூட்டம். குறிப்பேட்டில் பதினோரு பக்கம் பிடித்தது, இங்கே சுருக்குகிறேன். பிரிட்டன் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் கொண்டுவந்து பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ ஆகிய நான்கையும் தடை செய்தது. 30 ஆண்டுக்கு மேல் கழிந்து எக்ஸ்.எல். புல்லி என்ற பெரிய இனத்தையும் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஒரு தரப்பு இதைக் காட்டியது. மறுதரப்பு கனடாவின் கால்கரி நகரைக் காட்டியது. அங்கே 2006இல் வந்த விதி எந்த இனத்தையும் தடை செய்யவில்லை. உரிமம், லீஷ் என்ற பிடிவார், அபராதம் எல்லாம் வளர்ப்பவர் தலையில். 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் பேசப்பட்டது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் தந்த விவரங்களை, மரபணு ஆய்வோடு சேர்த்துப் பார்த்தவர்கள், நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதமே என்றார்கள்.

அந்த 9 சதவீதத்தைக் கேட்டதும் அரங்கில் கைதட்டல். நான் தட்டவில்லை. அந்த ஆய்வு குணத்தைப் பற்றியது. தாடையின் அகலத்தைப் பற்றியதல்ல. சின்ன நாய்க்கு ஒரு நிமிடம் கோபம் வந்தால் பிளாஸ்திரி போதும், நம் பெரிய நாய்களுக்கு வந்தால் ஆம்புலன்ஸ். நம் பொறுப்பு அதிகம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும், குணத்தைப் பற்றிச் சண்டை போடத் தேவையில்லை. அதே மூச்சில், கங்கால் கடி இத்தனை பவுண்டு அழுத்தம், கேன் கோர்ஸோ என்ற காவல் நாயின் கடி அத்தனை என்று பெருமையாக எண் சொல்லும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உயிருள்ள நாய் எவ்வளவு பலமாகக் கடிக்கிறது என்பது அதற்கு அன்று எவ்வளவு மனம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த எண்களை நம்பிப் புதியவர்கள் நாய் வாங்க வருகிறார்கள். எண்ணுக்காக நாய் வாங்குபவரிடம் நாயைக் கொடுக்கக் கூடாது.

கடி என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதால் பதிவேட்டில் குழப்பம் வந்தது. அதனால் கால்நடை மருத்துவர் இயன் டன்பாரின் 6 நிலை அளவுகோலைப் பின்பற்றத் தொடங்கினோம். பல் படாத மிரட்டல் முதல் நிலை. பல் பட்டும் தோல் துளைபடாதது இரண்டு. ஒரே கடியில் நான்கு துளைவரை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காதது மூன்று. ஒன்றேனும் பாதியைத் தாண்டினால் நான்கு. பல முறை ஆழமாகக் கடித்தால் ஐந்து. உயிர் போனால் ஆறு. குழந்தை முன் வாயை மூடிய ராட்வைலர் முதல் நிலை. "ஒன்றும் ஆகவில்லையே" என்று அந்த வீட்டார் அதைப் பதிய மறுத்தார்கள். முதல் நிலையில் பதிந்து நடவடிக்கை எடுத்தால்தான் நான்காம் நிலையைப் பதிய வேண்டிவராது என்று புரியவைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

விசாரித்தபோது தெரிந்தது: அந்த நாய் முன்பு உறுமும். உறுமும்போதெல்லாம் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், உடல் விறைத்தல், உறுமல் என்று நாய் படிப்படியாகத்தான் பேசும். நடுவில் உள்ள படியை அடித்து உடைத்துவிட்டு, "எச்சரிக்கையே இல்லாமல் பாய்ந்தது" என்கிறோம். அழகுக்கென்று காதை வெட்டுவதும் வாலை நறுக்குவதும் இதே ரகம். பேசுகிற உறுப்பையே எடுத்துவிடுகிறோம். இனிக் காது வெட்டிய குட்டியை வாங்குவோருக்குச் சங்கம் எந்த உதவியும் செய்யாது என்று செயற்குழு முடிவெடுத்தது. வாக்கெடுப்பு கடினமாக இருந்தது.

மின்அதிர்ச்சிக் காலர் பற்றிய வாக்கெடுப்பு அதைவிடக் கடினம். வேல்ஸ் 2010இலேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் பயிற்சி நேரத்தில் அது கூடாது என்று தீர்மானித்தோம். ஒரு மூத்த உறுப்பினர் விலகிப் போனார். நல்ல மனிதர், லீஷ் பிடிக்க எனக்குக் கற்றுத் தந்தவரே அவர்தான். கேட்டுக்கு அந்தப்பக்கம் ஆள் வரும் நேரத்தில் கழுத்தில் வலி வந்தால், அந்த ஆள்தான் வலி என்று நாய் கணக்குப் போடும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் அவரை வீடு தேடிப் போய்ச் சமாதானப்படுத்தாதது என் தவறு.

கடிக்காதபடி நாயின் வாயில் மாட்டும் மஸிலுக்கான பயிற்சி நன்றாக நடந்தது. கூடை வடிவ மஸில் போட்ட நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணி மஸில் வாயை இறுக்கிக் கட்டிவிடும். நாய்க்கு உடல் சூட்டைத் தணிக்க இரைப்பதே முக்கிய வழி என்பதால், மருத்துவர் மேசையில் சில நிமிடங்களுக்கு மேல் அது உதவாது. முதல் நாள் கூடையைத் தரையில் வைத்து உள்ளே தின்பண்டம், பல நாள் கழித்து வார் மாட்டுவது என்று போனோம். நாய்கள் சீக்கிரம் பழகின. தெருவில் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சம் தீர வளர்ப்பவர்களுக்குத்தான் நாளாயிற்று.

கடிபட்டால் என்ன செய்வது என்ற வகுப்பை ஒரு மருத்துவர் நடத்தினார். ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று சொல்லிக் கடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். மனிதருக்கு ரேபிஸ் வருவதில் 99 சதவீதம்வரை நாய் வழியாகத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி வந்த பிறகு அநேகமாகப் பிழைப்பில்லை. தடுப்பூசி அட்டையின் நகலைச் சங்கத்தில் தராதவர்கள் இன்றே தந்துவிடவும்.

குட்டிகள் பற்றி: 3 வாரம் முதல் 14 வாரம்வரை குட்டி பார்க்கும் உலகம்தான் அதற்கு இயல்பான உலகம். தடுப்பூசி முடியும்வரை வெளியே விட வேண்டாம் என்று நான்கு மாதம் அடைத்து வைத்த குட்டிகள், வளர்ந்ததும் குடையைக் கண்டாலும் குரைக்கின்றன. தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாமே. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியையும் வாங்காதீர்கள். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகள்தான் அதற்குச் சொல்லித்தரும்.

ஒன்றரை வயதில் இரண்டு நாய்கள் கைமாறின. குட்டியாக இருந்தபோது படம் எடுத்து அனுப்பியவர்கள், அது விடலைப் பருவத்தில் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றதும் அலுத்துவிட்டார்கள். ஒரு நாய்க்கு நல்ல வீடு கிடைத்தது. மற்றது எங்கே என்று தெரியவில்லை. இனிக் கைமாறும் நாயின் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பின் அடையாள எண்ணைச் சங்கத்தில் பதியக் கேட்போம். 15 இலக்கம், மொத்தமாக எழுதவே ஒரு நிமிடம்தான்.

வயிறு உப்பி இரைப்பை திருகியதில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை இழந்தோம். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வரக்கூடியது. வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு பறைபோல் இறுகினால் காலை வரை பொறுக்காதீர்கள்.

செய்யாமல் விட்டவை: மழையால் தள்ளிவைத்த நடைப்பயிற்சி முகாம் நடக்கவே இல்லை. பக்கத்து வீட்டாரோடு கூட்டம் போடுவோம் என்ற வாக்குறுதியும் அப்படியே இருக்கிறது, அதற்கு நான் முகம் கொடுக்கத் தயங்கினேன் என்பதே உண்மை. கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். கூடவே, இரண்டாம் கொண்டி இல்லாத வீட்டாருக்கு உறுப்பினர் அட்டை புதுப்பிப்பதில்லை என்ற தீர்மானத்தையும் வாக்கெடுப்புக்கு விடுகிறேன். என் வீட்டு கேட்டை ஆய்வுக்குழு இன்னும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை வாருங்கள். மணி வெளியேதான் இருக்கிறது. அடித்துவிட்டு, நான் வரும்வரை கேட்டைத் தொடாமல் நில்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்