தம்பிக்கு, அந்த இரண்டாவது கொட்டேஷன் பற்றி

அன்புத் தம்பிக்கு,

உன் ஆடை லேபிளுக்குச் சட்டை தைத்துத் தர நீ வாங்கி அனுப்பிய இரண்டு கொட்டேஷன்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவது, காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் எட்டு மிஷின் யூனிட். இரண்டாவது, கடல் தாண்டி இருக்கும் பெரிய ஃபேக்டரி, ஏஜென்ட் மூலமாக வந்தது. இரண்டாவதில் தையல் கூலி முதலாவதில் பாதிகூட இல்லை. "அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தாய். இந்த வருஷம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் நீ. அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரோ லேபிளின் பெயரோ இதில் வராது, பயப்படாதே.

யோசிக்க நிறையவே இருக்கிறது. ஏஜென்ட் அனுப்பிய தாளில் மூன்றாவது வரியைப் பார்: ஒரு கலருக்குக் குறைந்தது 1000 பீஸ். போன சீசனில் உன்னிடம் நன்றாக ஓடிய கலர் எத்தனை விற்றது? 140 என்று நீதான் சொன்னாய். சரி, இந்த முறை அதைப்போல இரண்டு மடங்கு விற்கும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 720 சட்டை என்ன ஆகும்? கொஞ்ச நாள் கோடவுனில் கிடக்கும், அப்புறம் தள்ளுபடியில் போகும், அதிலும் போகாததை எடைக்குப் போடுவாய். விற்ற 280 சட்டையின் தலையில் இந்த 720-இன் செலவையும் ஏற்றிக் கணக்குப் போடு. தையல் கூலியில் மிச்சம் பிடித்தது எங்கே போனது என்றே தெரியாது.

சுற்றுச்சூழல் கணக்கும் இங்கேதான் இடிக்கிறது. ஒரு சட்டையால் காற்றில் ஏறும் கார்பனில் பெரும்பகுதி பஞ்சு, நூற்பு, சாயம் என்று துணி உருவாகும் கட்டத்திலேயே ஏறிவிடுகிறது. கப்பலில் வருவதால் கூடுவது கொஞ்சம்தான். (தேதி தவறி, அவசரத்துக்கு விமானத்தில் ஏற்றினால் கதை வேறு. அது கப்பலைப்போலப் பல மடங்கு. தூரத்து ஆர்டர்களில் தேதி தவறுவது அபூர்வமும் இல்லை.) அதனால் 'உள்ளூரில் தைத்தது, எனவே பசுமை' என்று ஹேங்டேக்கில் (சட்டையில் தொங்கவிடும் அட்டையில்) அடித்துவிடாதே, அது பாதிப் பொய். துணி எங்கிருந்தோ வருகிறது, அதன் சாயத் தண்ணீர் எங்கோ போகிறது. பக்கத்து யூனிட்டால் கிடைக்கும் நிஜமான நன்மை வேறு. 150 தைத்துப் பார்க்கலாம், ஓடினால் இன்னொரு 150 தைக்கலாம். யாருக்கும் வேண்டாத அந்த 720 சட்டைக்கு துணி வெட்டவே வேண்டியிருக்காது.

குவாலிட்டி பற்றியும் கேட்டிருந்தாய். பெரிய ஃபேக்டரி என்றால் செக்கிங் பக்காவாக இருக்கும் என்பது உன் நம்பிக்கை. வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? ஏ.க்யூ.எல் 2.5 என்று, ஒரு லாட்டில் எவ்வளவு குறையை ஏற்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதன்படி 1000 பீஸ் லாட்டில் இன்ஸ்பெக்டர் 80 பீஸை மட்டும் எடுத்துப் பிரிப்பார். அதில் ஐந்து வரை பெரிய குறை இருந்தாலும் லாட் பாஸ், ஆறு இருந்தால்தான் ஃபெயில். பெரிய அளவுக்கு அது நியாயமான முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 150 சட்டையை நீயே ஒரு மத்தியானத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிடலாம். காஜா பிரிந்திருந்தால் அந்தக் காஜாவைப் போட்டவர் எதிர் மிஷினிலேயே இருப்பார்.

இனி என் கதை. என் லேபிளைத் தொடங்கிய புதிதில் நானும் உன்னைப்போலத்தான், குறைந்த கூலிக்கு ஆசைப்பட்டு ஒரு தூரத்து ஆர்டர் கொடுத்தேன். போட்டோக்களில் வெளிச்சமான ஹால், வரிசையாக மிஷின்கள், சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். சரக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது ஒரு சட்டைப் பாக்கெட்டுக்குள் ஒரு பண்டல் டிக்கெட், அதாவது வெட்டிய துணிக் கட்டோடு தையல் யூனிட்டில் சுற்றும் சீட்டு, சிக்கியிருந்தது. அதில் இருந்தது வேறொரு யூனிட்டின் பெயர். ஏஜென்ட்டிடம் கேட்டேன். "லைனில் இடமில்லை மேடம், வெளியே ஜாப் ஒர்க் கொடுத்திருப்பாங்க. சரக்கில் ஏதாவது குறை இருக்கா?" என்றார். குறை ஒன்றும் இல்லை. தையல் நேர்த்தியாகவே இருந்தது. அதைத் தைத்தவர் யார், என்ன வயது, என்ன கூலி வாங்கினார் என்று மட்டும் கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. அந்தச் சட்டைகளை விற்றேன், மறைக்கவில்லை. ஆனால் 'நேர்மையாகத் தைத்தது' என்று எழுதி வைத்திருந்த அட்டைகளைக் கட்டாமல் விற்றேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விநோதம் இல்லை. 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே தஸ்ரீன் என்ற ஆடை ஆலை எரிந்ததில் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே யாருடைய துணி தைக்கப்பட்டதோ அப்படி ஒரு பெரிய நிறுவனம், சப்ளையர் தன்னைக் கேட்காமலே வேலையை அங்கே மாற்றிவிட்டார் என்றது. ஐந்தே மாதத்தில், 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்கா அருகே சாவரில், தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தின நாளே கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடினார்கள். மேல் மாடிகளில் தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். இறந்தவர்கள் 1,134 பேர். சில நிறுவனங்களின் துணி அங்கே தைக்கப்பட்டது என்பதை இடிபாடுகளுக்குள் கிடைத்த லேபிள்களையும் ஆர்டர் தாள்களையும் வைத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.

அதற்காக, அந்த நாட்டில் தைத்த சட்டையைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. ஆர்டர் நின்றால் முதலில் வேலை இழப்பது அந்தப் பெண்கள்தான். 2020-இல் கொரோனாவின்போது தைத்து முடித்த ஆர்டர்களையே சில பிராண்டுகள் ரத்து செய்தபோது அதைப் பார்த்தோம். ராணா பிளாசாவுக்குப் பிறகு 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு அக்கார்டு என்ற, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்ஜினியர்கள் ஆலை ஆலையாகப் போய்ச் சோதித்தார்கள், அறிக்கைகள் பொதுவில் வெளியாயின. அத்தனை பெரிய வாடிக்கையாளர்கள் சேர்ந்து நின்றால் ஒரு ஆலையில் நெருப்புக் கதவு போட வைக்கலாம். நீயும் நானும் கேட்டால் போடுவார்களா? 1000 பீஸ் கொடுக்கிற நீ அந்த ஃபேக்டரியில் வரிசையின் கடைசி ஆள். லைன் நிரம்பினால் முதலில் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போவது உன் ஆர்டர்தான். எட்டு மிஷின் யூனிட்டில் 150 பீஸ்கூட அந்த மாதக் கணக்கில் கண்ணில் படும். நீ சொன்னால் காது கொடுப்பார்கள்.

ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் நல்லவராகிவிடுவதில்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் நடுவே டிரையாங்கிள் என்ற ஆடை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். அவசரத்துக்குத் திறக்க வேண்டிய கதவு பூட்டியிருந்தது. ஜன்னலிலிருந்து குதித்தவர்களைத் தெருவில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில், சட்டப்படி மணிக்கு 8.72 பவுண்டு கொடுக்க வேண்டிய இடத்தில் 3.50 பவுண்டுக்குத் தைக்க வைத்ததாகச் செய்தி வந்தது. எல்லாம் 'உள்நாட்டுத் தயாரிப்பு'தான். ஆகவே முதல் கொட்டேஷனைப் பார்த்ததும் புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அங்கே உனக்குக் கிடைப்பது ஒரு வசதி மட்டும்: போய்ப் பார்க்கலாம். பார்த்துவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்கு அது உறைத்த நாள் ஒன்று உண்டு.

இப்போது நான் தைக்கும் யூனிட்டில் நடந்தது. துணி வெட்டி முடித்த பிறகு, எனக்குக் காலர் அரை அங்குலம் பெரிதாகத் தெரிந்தது. ராத்திரி போனில் ஒரு மெசேஜ் அனுப்பினேன்: 'காலர் மாற்றணும், தேதி மாற வேண்டாம்.' 'சரிங்க' என்று பதில் வந்தது. தூரத்து ஃபேக்டரி என்றால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து பட்டன் கொடுக்க இரவு ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு அக்காமார் தைத்து முடித்த காலர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரின் பையன் வெட்டுத்துணி மூட்டையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். பீஸ் ரேட் வேலை அது. தைத்தால் காசு, பிரித்தால் காசு கிடையாது. என்னை உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் நேர்மையான லேபிள் நடத்துவதாக நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அவர்களை அந்த நேரத்தில் அங்கே உட்கார வைத்தது எந்த முதலாளியும் இல்லை, என் மெசேஜ்.

அன்றிலிருந்து சில விஷயங்களை மாற்றினேன். சாம்பிளில் கையெழுத்துப் போட்ட பிறகு டிசைன் மாறாது. மாறினால் தேதியும் தள்ளிப்போகும், பிரிக்கிற வேலைக்குத் தனிக் கூலி. துணி வாங்கும்போதே தையல் கூலியில் பாதியைக் கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் சரக்கு விற்ற பிறகு கொடுப்பது என்றால் என் வியாபாரத்துக்கு அந்த யூனிட் கடன் கொடுக்கிறது என்று அர்த்தம். பீஸ் ரேட் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் புதுச் சட்டை என்றால், ஒரு நாளில் சாதாரண வேகத்தில் எத்தனை தைக்க முடியும் என்று நேரம் வைத்துப் பார்த்து, நாள் கூலிக்குக் குறையாதபடி ரேட் போடுகிறோம். கலிபோர்னியாவில் 2021-இல் சட்டமே போட்டார்கள். 2022 தொடக்கத்திலிருந்து அங்கே தையல் தொழிலில் பீஸ் ரேட் கூலி பொதுவாகக் கூடாது. யூனிட் சம்பளப் பாக்கி வைத்தால் தைக்கக் கொடுத்த பிராண்டும் பொறுப்பு. அந்த இரண்டாவது பகுதியைப் படித்தபோது நம்மைப்போன்ற ஆட்களை நினைத்துத்தான் எழுதினார்களோ என்று இருந்தது.

இதெல்லாம் செய்தால் சட்டையின் விலை ஏறும். எனக்கு ஏறியது, பழைய வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பேர் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தைத்துப் பெயர் வாங்கிய அமெரிக்கன் அப்பேரல் 2015-லும் 2016-லும் இரண்டு முறை திவால் மனு போட்டது. கடனும் கண்டபடி கடை திறந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்றாலும், உள்ளூரில் தைப்பது யாரையும் காப்பாற்றும் தாயத்து இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நான் தாக்குப்பிடித்தது டிசைன்களைக் குறைத்து. வருஷத்துக்கு இருபது போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது ஆறு போடுகிறேன். அதனால் கட்டிங் மாஸ்டருக்கு என் பேட்டர்ன் மனப்பாடம், வெட்டும்போது துணி வீணாவதும் குறைந்திருக்கிறது.

ஆர்கானிக் துணி பற்றிக் கேட்டாய். காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரமுறை) சான்றிதழ் என்று ஒரு தாளை யார் காட்டினாலும், அது எந்தத் தாள் என்று பார். ஸ்கோப் சான்றிதழ் என்றால் அந்த ஆலை காட்ஸ் முறையில் செய்யத் தகுதி பெற்றது என்றுதான் பொருள். நீ வாங்கும் இந்த லாட் அப்படிச் செய்ததுதானா என்பதற்கு டிரான்சாக்ஷன் சான்றிதழ் வேண்டும். பலர் முதலாவதைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வியாழக்கிழமை அந்த எட்டு மிஷின் யூனிட்டுக்குப் போகிறாய் அல்லவா? போவதாக முன்கூட்டிச் சொல், அது மரியாதை. ஆனால் இரண்டாவது முறை மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போ. இரண்டாவது வாசல் இருக்கிறதா, அதை துணி மூட்டை அடைத்திருக்கிறதா என்று பார். கழிவறையைக் கேட்டுப் பயன்படுத்து. பட்டன் தைக்கும் வேலையை வெளியே யாருடைய வீட்டுக்காவது கொடுக்கிறார்களா, அவர்களுக்கு என்ன ரேட் என்று கேள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேள். அவர்களும் உன்னைக் கேட்பார்கள்: காசு எப்போது வரும், டிசைன் மாறுமா என்று. அதற்கு உன்னிடம் பதில் இருக்கட்டும். காலர் அளவை முடிவு செய்துவிட்டே பஸ் ஏறு.

அன்புடன்,
அக்கா