நிலநடுக்கோட்டில் புதியவர்களுக்கு நடக்கும் சடங்கு

அன்புள்ள முத்தையா,

உன் மகன் சரக்குக் கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நிலநடுக்கோட்டை முதன்முறை கடப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவார்களாமே என்று வீட்டில் கவலைப்படுவதாக எழுதியிருந்தாய்.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1832 பிப்ரவரி 17 அன்று பீகிள் கப்பல் அக்கோட்டைக் கடந்தபோது, சார்லஸ் டார்வின் உள்ளிட்ட முப்பத்திரண்டு புதியவர்களை இருளும் புழுக்கமும் நிறைந்த கீழ்த்தளத்தில் அடைத்து, கடல் தேவன் நெப்டியூனின் காவலர்களாக வேடமிட்ட மாலுமிகள் ஒவ்வொருவராக மேலே இழுத்துச் சென்றார்கள். டார்வினின் கண்ணைக் கட்டி, முகத்திலும் வாயிலும் தாரும் பெயிண்டும் பூசி, சொரசொரப்பான இரும்புப் பட்டையால் சுரண்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புறக் கவிழ்த்தார்கள். தான் எளிதாகத் தப்பியதாகவும், மற்றவர்களில் பெரும்பாலோர் இதைவிட மோசமாக நடத்தப்பட்டதாகவும் அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் உட்பட ஒருவர்கூட அன்று நனையாமல் இல்லை.

1768 அக்டோபர் 25 அன்று ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அங்கே பாய்மரத்தின் குறுக்குக் கழியிலிருந்து கயிற்றில் கட்டி மூன்று முறை கடலில் முக்கினார்கள். வேண்டாம் என்பவர் நான்கு நாள் மதுப் பங்கை விட்டுக்கொடுத்து விலகலாம். உடன் சென்ற செல்வந்தர் ஜோசப் பாங்க்ஸ் தமக்கும் தம் பணியாளர்களுக்கும் நாய்களுக்கும் பிராந்தி கொடுத்து விலக்குப் பெற்றார். சிறுவர்களுக்கு மட்டும் அந்த வழி இல்லை. அவர்களை எப்போதும் முக்குவதே வழக்கம் என்று பாங்க்ஸ் குறித்திருக்கிறார்.

ஆயினும் இவ்வழக்கத்தை முற்றிலும் வெறுக்க என்னால் முடியவில்லை. பல மாதங்கள் ஒரே வேலையில் உழலும் மாலுமிகளுக்கு, வேடங்களுக்கான ஆயத்தமும் பின்னர் நெடுநாள் அதைப் பற்றிப் பேசுவதும் எவ்வளவு ஊக்கம் தருகின்றன என்பதை நேரில் பார்த்தவரே அறிவார் என்று ஃபிட்ஸ்ராய் எழுதியது உண்மைதான். ஆனால் மறுக்கும் உரிமை கடைநிலை ஊழியனுக்கும் இருந்தால்தான் அது கொண்டாட்டம், இல்லையேல் கொடுமை.

ஆகவே, விருப்பமிருந்தால் கலந்துகொள்ளட்டும்; எல்லை மீறினால் தயங்காமல் கப்பல் தலைவரிடம் சொல்லட்டும். கோட்டைக் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தால் பத்திரப்படுத்தச் சொல்; அடுத்த பயணத்தில் அதைக் காட்டினால் மீண்டும் புதியவனாகக் கருதமாட்டார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறான் என்பதை எழுது.

என்றும் அன்புடன்,
சண்முகம்